புத்தகத்தை அடுக்க ஒரு படிப்பா?

(அறக்கட்டளையின் இவ்வாண்டுக் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரை. வரமுடியாத குடும்பங்களும் படிப்பதற்காக இங்கே தருகிறோம்.)





கல்வி மேடையில் ஏறினால் முதல் வஹியைச் சொல்லித் தொடங்குவது நம் வழக்கம். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் அதை அழகாகச் சொல்லிவிட்டார்கள். நான் அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. வேறொரு இடத்தில் தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பதினாலு வயது. மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தேன். ஒரு ஷஃபான் மாதம், ரமலானுக்கு முன்னால் மதரஸாவைச் சுத்தம் செய்து வெள்ளையடிக்க ஏற்பாடு. பின்கட்டில் ஓர் அறை இருந்தது. ஜன்னல் கிடையாது. உள்ளே ஒரு மர அலமாரி, அடித்தட்டு முழுக்கக் கரையான். அதில் கட்டுக்கட்டாகப் பழைய தாள்கள். சிலது கையெழுத்து, சிலது கல்லச்சில் அடித்தது. எல்லாம் அரபு எழுத்து. அரபு எழுத்து என்றால் கால்பட விடக்கூடாது, குப்பையில் போடக்கூடாது என்றுதானே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் சாக்கில் கட்டி, கடலில் கொண்டுபோய் விட்டுவிடச் சொன்னார்கள். நாலு சாக்கு. மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன்.

வண்டியில் போகும்போது ஒரு சாக்கு வாய் அவிழ்ந்து, ஒரு தாள் என் மடியில் விழுந்தது. எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். அரபுதான், ஆனால் பொருள் புரிகிறது! உம்மா வீட்டில் பேசுகிற தமிழ். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காயமருந்து, சுக்கு இத்தனை, மிளகு இத்தனை, கருப்பட்டி இத்தனை என்று எழுதியிருந்தது. எனக்கு வேடிக்கையாக இருந்தது. பக்கத்திலிருந்த பையனுக்குப் படித்துக் காட்டினேன், இருவரும் சிரித்தோம். பிறகு அந்தத் தாளையும் சாக்கில் திணித்து, சாக்கைக் கடலில் விட்டோம்.

அது அரபுத்தமிழ் என்று பிற்பாடுதான் எனக்கு விளங்கியது. நம் முன்னோர்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். தமிழில் உள்ள சில ஓசைகளுக்கு அரபில் எழுத்து இல்லை என்பதால் புள்ளிகள் சேர்த்துப் புது எழுத்துகளே உண்டாக்கினார்கள். கீழக்கரையில் வாழ்ந்த இமாமுல் அரூஸ் செய்யிது முஹம்மது ஆலிம் அவர்கள், 1816இல் பிறந்து 1898இல் வஃபாத்தானவர்கள், அரபிலும் அரபுத்தமிழிலும் எழுதிய கிரந்தங்களை இன்றும் ஓதுகிறோம். அப்படிப்பட்ட பெரியார்களின் நூல்கள் பெயராவது தெரிந்து நிற்கின்றன. அந்த நாலு சாக்கில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. யார் எழுதியது, எந்த ஆண்டு, எந்த அச்சுக்கூடம், ஒன்றும் தெரியாது. யாரையும் நான் குறை சொல்லவில்லை. சொன்னவர்கள் மரியாதையினால்தான் சொன்னார்கள். ஆனால் கடலில் விடுவதற்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இன்ன இன்ன பெயருள்ள நூல்கள் இருந்தன என்று ஒரு பட்டியலாவது எழுதி வைத்திருக்கலாம். அதைச் செய்யத் தெரிந்த ஒரு ஆள் எங்களிடையே இல்லை.

பட்டியலுக்கு என்ன மதிப்பு என்று கேட்பீர்கள். பக்தாதில் இப்னு நதீம் என்று ஒருவர் இருந்தார். தகப்பனார் புத்தக வியாபாரி, இவரும் அதே தொழில். ஹிஜ்ரி 377இல், கி.பி. 987 என்று வைத்துக்கொள்ளுங்கள், அல்ஃபிஹ்ரிஸ்த் என்று ஒரு நூல் எழுதினார். ஃபிஹ்ரிஸ்த் என்றால் பட்டியல், அவ்வளவுதான் பொருள். தம் காலத்தில் அரபு மொழியில் கிடைத்த நூல்களையெல்லாம் பத்துப் பெரும் பகுதியாகப் பிரித்து, எழுதியவர் யார், அவர் வரலாறு என்ன, என்னென்ன எழுதினார் என்று குறித்து வைத்தார். அந்தப் பட்டியலில் உள்ள நூல்களில் மிகப் பெரும்பாலானவை இன்று உலகத்தில் எங்கும் இல்லை. ஆனால் இருந்தன என்று நமக்குத் தெரியும். எப்படித் தெரியும்? ஒரு புத்தகக் கடைக்காரர் உட்கார்ந்து எழுதி வைத்ததால் தெரியும். எழுநூறு ஆண்டு கழித்து இஸ்தான்புல்லில் ஹாஜி கலீஃபா என்ற அரசாங்கக் கணக்கர் ஏறத்தாழ 14,500 நூல்களின் பெயரை அகரவரிசையில் தொகுத்தார். இந்த வேலை நமக்குப் புதிதில்லை. நாம் விட்டுவிட்ட வேலை.

சரி, பழங்கதை போதும். இப்போது ஏன் இதைப் பேசுகிறேன் என்று சொல்கிறேன்.

கடைத்தெருக் கட்டடத்தின் மாடியில் நம் அறக்கட்டளை நூலகம் இருக்கிறது. இருக்கிறது என்று சொல்வதே கொஞ்சம் கூடுதல். பெரியவர்கள் மௌத்தான பிறகு வீட்டைக் காலி செய்கிறபோது, புத்தகங்களை எங்கே போடுவது என்று தெரியாமல் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கி அடுக்கி வைப்போம். எத்தனை புத்தகம் என்று கேட்டால் மூவாயிரம் இருக்கும் என்போம். எண்ணியவர் யாருமில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண், நம் ஊரிலிருந்து முன்னொரு காலத்தில் வெளிவந்த ஒரு மாத இதழைத் தேடிக்கொண்டு வந்தார். பேருந்தில் எட்டு மணி நேரம். நம் மாடியில் அது இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நானும் பார்த்ததாக ஞாபகம். இரண்டு நாள் தேடினோம். கிடைக்கவில்லை. அந்தப் பெண் வெறுங்கையோடு திரும்பினார். இரண்டு மாதம் கழித்து, பழைய தேர்தல் சுவரொட்டிக் கட்டுக்கு அடியில் அந்த இதழ் பதினோரு பிரதிகள் கிடந்தன. தகவல் சொல்லலாம் என்றால் அவருடைய தொலைபேசி எண்ணைக் கூட நாங்கள் குறித்து வைக்கவில்லை.

அப்போதுதான் நம் தெருப் பிள்ளை ஒருத்தி என்னிடம் வந்தாள். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். பி.ஏ. வரலாறு முடித்து, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் படித்திருக்கிறாள். வாப்பா இரும்புக் கடையில் வேலை. நாம் உதவித்தொகை எதுவும் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்போமா? அந்த வருடக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது நம் நிர்வாகி ஒருவர், "புத்தகத்தை அடுக்குறதுக்கு ஒரு படிப்பா காக்கா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மறைப்பதற்கென்ன, நானும் சிரித்தேன்.

அந்தப் பிள்ளை, "மாமா, கோடை விடுமுறையில் சாவியை மட்டும் என்னிடம் கொடுங்கள்" என்றாள். கொடுத்தேன். துணைக்கு அவள் உம்மாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். நாற்பது நாள். முதல் வாரம் அவள் ஒரு புத்தகத்தையும் அடுக்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூசி தட்டி, பூச்சி அரித்ததைத் தனியே பிரித்து, ஒரு பெரிய பேரேட்டில் வரிசை எண் போட்டு எழுதினாள். வரவுப் பதிவேடு என்றாள். கடையில் சரக்கு வந்தால் முதலில் வரவு வைப்பதில்லையா, அதேதான். பிறகுதான் வகைப்படுத்தத் தொடங்கினாள்.

அங்கேதான் இது படிப்புதான் என்று எனக்குப் புரிந்தது. உலகத்தில் மிகப் பல நூலகங்களில் புழங்குவது மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876இல் வெளியிட்ட பதின்ம எண் முறை. அறிவு முழுவதையும் பத்து வகுப்பாக்கி எண் கொடுத்தார். சமயத்துக்கு 200. அதில் பெரும்பகுதியைத் தம் கிறிஸ்தவ சமயத்துக்கே எடுத்துக்கொண்டார். இஸ்லாம் முழுமைக்கும் கிடைத்தது 297 என்ற ஒரே எண். அதைப் புள்ளி போட்டுப் பிரிக்க வேண்டும். குர்ஆனுக்கு 297.122, ஹதீஸுக்கு இன்னொரு எண். ஒரு நாள் அந்தப் பிள்ளை வாரிசுரிமைச் சட்ட நூல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, இதை மார்க்கத்தோடு வைக்கவா, சட்டத்தோடு வைக்கவா?" என்று கேட்டாள். சட்டப் பிரிவில் இஸ்லாமியச் சட்டத்துக்கு 340.59 என்று தனி எண் உண்டு. வக்கீல் தேடி வந்தால் ஒரு இடத்தில் தேடுவார், ஹஸ்ரத் தேடி வந்தால் இன்னொரு இடத்தில் தேடுவார். புத்தகம் ஒன்றுதான், அதற்கு இடமும் ஒன்றுதான். அடுக்கில் ஒரே இடத்தில் வைத்துவிட்டுப் பட்டியலில் இரண்டு வழியும் காட்ட வேண்டும். ஏழு வருடம் ஓதிய நான் அரை மணி நேரம் யோசித்தேன்.

அடுத்தது பெயர். இமாம் கஸ்ஸாலி அவர்களின் பெயரைத் தமிழில் எத்தனை விதமாக அச்சடித்திருக்கிறார்கள் தெரியுமா? கஸ்ஸாலி, கஸாலி, கஜ்ஜாலி, அல்கஸ்ஸாலி. கணினி ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆள் என்றுதான் நினைக்கும். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைச் செய்கு என்று தேடுவதா, ஷெய்கு என்று தேடுவதா, சதாவதானி என்று தேடுவதா? ஒரு வடிவத்தை நிலைப்படுத்தி, மற்ற வடிவங்களிலிருந்து அதற்கு வழி காட்ட வேண்டும். இதற்கென்றே விதிநூல்கள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு விதி தெரியும், குன்யத்து எது, நிஸ்பத்து எது என்பது தெரியாது. எனக்கு அது தெரியும், விதி தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்த அந்த மூன்று நான்கு சாயங்காலங்கள்தான் சமீப வருடங்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த பொழுது. அஸருக்குப் பிறகு உட்கார்ந்தால் மஃரிப் பாங்கு சொல்வதுதான் தெரியும்.

எல்லாவற்றையும் கோஹா என்ற மென்பொருளில் ஏற்றினாள். நியூசிலாந்தில் ஒரு சிறு நூலக அறக்கட்டளைக்காக உருவாகி, 2000ஆம் ஆண்டிலிருந்து ஓடுகிறது. விலை கிடையாது. மாவோரி மக்களின் மொழியில் கோஹா என்றால் அன்பளிப்பாம். நம் ஹதியா என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் இன்று ஓடுவது இதுதான்.

நாற்பதாம் நாள் கணக்கு வந்தது. மூவாயிரம் என்று நாம் சொல்லி வந்தது 2,146. அதில் அரபுத்தமிழ் 63. ஆம், அறுபத்து மூன்று. கையெழுத்துப் பிரதி நான்கு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு சாக்கு ஞாபகம் வந்தது. நம் மாடியில், நம் தலைக்கு மேலேயே அவை இருந்திருக்கின்றன.

சரி, அந்தப் பிள்ளைக்கு நாம் என்ன கொடுத்தோம்? ஆண்டு விழாவில் ஒரு கேடயம், ஒரு சால்வை, நிறைய துஆ. சம்பளம் போட்டு நம் நூலகத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான் வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இன்று அவள் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகராக இருக்கிறாள். மாப்பிள்ளையும் அங்கேதான் வேலை. அல்ஹம்துலில்லாஹ், நன்றாக இருக்கிறார்கள். நம் மாடி மறுபடியும் பூட்டிக் கிடக்கிறது. ஏழு மாதம் யாரும் எதையும் பதியவில்லை.

ஆகவே மாணவச் செல்வங்களே, பெற்றோர்களே, இந்தப் படிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்குச் சான்றிதழ்ப் படிப்பு உண்டு. அது தொடக்கம் மட்டும்தான், அதோடு நின்றால் உதவியாளர் வேலை வரைதான் போக முடியும். முறையான படிப்பு பட்டத்துக்குப் பிறகு. எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் சரி, ஓராண்டில் நூலக, தகவல் அறிவியல் இளநிலைப் பட்டம். பி.லிப். என்பார்கள். அதற்கு மேல் எம்.லிப். இரண்டையும் சேர்த்து ஈராண்டு முதுநிலையாகவும் சில பல்கலைக்கழகங்களில் நடத்துகிறார்கள். சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலை, பாரதிதாசன், அழகப்பா ஆகியவற்றில் இதற்குத் துறை இருக்கிறது. வீட்டிலிருந்தபடி படிக்க வேண்டியவர்களுக்குத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இக்னோவும் நடத்துகின்றன. பெங்களூரில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் ஆவண ஆராய்ச்சி, பயிற்சி மையம் இருக்கிறது. அங்கே நுழைவுத் தேர்வு கடினம், ஆனால் தேறினால் மாத உதவித்தொகையோடு படிக்கலாம்.

அந்த மையத்தை 1962இல் தொடங்கியவர் நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். இவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இந்தப் பேச்சை முடித்தால் அது நன்றிகெட்ட பேச்சு. சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவரைப் போட்டார்கள். அவருக்குப் பிடிக்கவே இல்லை. வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பது சிறைவாசம் போல இருக்கிறது, மறுபடி வகுப்புக்கே அனுப்புங்கள் என்று முதல்வரிடம் போய் நின்றிருக்கிறார். இங்கிலாந்து போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். போனவர், நூலகம் என்பது பொதுமக்கள் எல்லோருக்கும் உரியது என்பதை அங்கே கண்டுகொண்டு திரும்பினார். பிறகு கணக்கு வாத்தியார் வேலைக்கு அவர் போகவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம், 1929இல் நூலகர்களுக்குப் பயிற்சி வகுப்பு, 1931இல் நூலகத்துக்கான ஐந்து விதிகள், 1933இல் டூயி முறைக்கு மாற்றாகத் தமது கோலன் வகைப்பாட்டு முறை. புத்தகம் பூட்டி வைக்கிற பொருளல்ல, புழங்குகிற பொருள் என்பது அவருடைய விதிகளில் முதலாவதின் கருத்து. நம் மாடிப் பூட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் இருந்த முயற்சியும் அவருடையதுதான். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஊரில் உள்ள அரசு கிளை நூலகம் இலவசம் என்று நினைக்கிறோம், நம் பணமும்தான் அதில் இருக்கிறது. போய் உட்கார உரிமை இருக்கிறது. நம் பிள்ளைகள் எத்தனை பேர் அதில் உறுப்பினர் என்று கையைத் தூக்கச் சொல்லலாம் என்று பார்த்தேன், வேண்டாம், சங்கடமாகிவிடும்.

வேலைக்கு வருகிறேன். அரசுப் பொது நூலகங்கள், அரசுக் கல்லூரி நூலகங்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வு நடத்துகிறது. பல்கலைக்கழகத்தில் உதவி நூலகராக, கல்லூரியில் நூலகராக வேண்டுமானால் யு.ஜி.சி. விதிப்படி முதுநிலையில் 55 சதவீத மதிப்பெண்ணும் நெட் தேர்ச்சியும் கேட்பார்கள். உதவிப் பேராசிரியருக்கு உள்ள அதே நிலைச் சம்பளம், தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். ஐ.ஐ.டி. போன்ற பெரிய நிறுவனங்களில் படிப்பை முடித்தவர்களை ஓரிரு வருடம் உதவித்தொகையோடு பயிற்சியாளராக எடுக்கிறார்கள். அந்த அனுபவம் பிறகு பெரிய சாவி. இவை தவிர மருத்துவமனை, வழக்கறிஞர் அலுவலகம், பத்திரிகை அலுவலகம், ஆவணக் காப்பகம் என்று தகவலைச் சேர்த்து வைத்துத் தேடிக் கொடுக்கிற இடமெல்லாம் இந்தப் படிப்புக்கு இடம்தான்.

இனிப்பாகப் பேசி உங்களை அனுப்பிவிட நான் வரவில்லை. அதனால் மறுபக்கத்தையும் கேளுங்கள். அரசு அறிவிப்பு வருடா வருடம் வராது. வந்தால் இடம் குறைவு, எழுதுகிறவர்கள் அதிகம். தனியார் பள்ளி, கல்லூரியில் தொடக்கச் சம்பளம் பல இடங்களில் கடையில் கணக்கு எழுதுகிறவரின் சம்பளம்தான். நூலகர் என்று எடுத்துவிட்டு, பரீட்சை மேற்பார்வை, அலுவலகத் தட்டச்சு எல்லாம் பார்க்கச் சொல்வார்கள். இரண்டு மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு முதுநிலை, நெட் வரை போகிறவர்களுக்குத்தான் இதில் நல்ல வழி. பி.லிப். முடித்ததும் வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதே போல, பல்கலைக்கழகத்துக்குத் தொலைநிலைக் கல்வி நடத்த யு.ஜி.சி. அனுமதி அந்த ஆண்டுக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். சென்ற வருடம் நம் பக்கத்துத் தெருவில் ஒரு குடும்பம், வெளிமாநிலத்துச் சான்றிதழ் ஒன்றை இரண்டு மாதத்தில் வாங்கித் தருவதாகச் சொன்ன தரகரிடம் முப்பதாயிரம் கொடுத்து ஏமாந்தது. அந்தத் தாள் எந்த வேலைக்கும் செல்லவில்லை.

கூகுள் இருக்கும்போது நூலகர் எதற்கு என்று ஒரு தம்பி போன வாரம் கேட்டான். சிரித்துக்கொண்டே, "நம் மாடியில் கிடந்த அந்த மாத இதழைக் கூகுளில் தேடி எடுத்துக் கொடு" என்றேன். யாராவது ஒருவர் அந்தத் தாளைப் பிரித்து, படம் எடுத்து, இது இன்னது என்று பெயர் எழுதி ஏற்றினால்தான் கூகுளுக்கே தெரியும். படம் எடுப்பதிலும் முறை இருக்கிறது. தெளிவாக எடுத்து, சுருக்காத மூலப் படத்தை ஒரு இடத்தில் பத்திரமாக வைத்து, படிப்பதற்கு வேறு பிரதி செய்ய வேண்டும். தலைப்பு, ஆசிரியர், மொழி, ஆண்டு என்று ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுத வேண்டும். டப்ளின் கோர் என்று பதினைந்து விவரங்கள் கொண்ட ஓர் உலகப் பொது அமைப்பு இதற்கு இருக்கிறது. கைபேசியில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது பாதுகாப்பு ஆகாது. அது அடுத்த வாரம் அழிந்து போகும்.

நம் மதரஸாப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனி வாசல் திறந்திருக்கிறது. இதை ஹஸ்ரத்மார்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அரபு தெரிந்தவர் நிறையப் பேர் இருக்கிறார்கள். நூலகப் பட்டம் வாங்கியவரும் நிறைய. இரண்டும் தெரிந்தவர் மிகக் குறைவு. சென்னையில் அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அரபு, பார்சிச் சுவடிகள் இருக்கின்றன. ஹைதராபாத் சாலார் ஜங், ராம்பூர் ரஸா நூலகம், அலிகரில் மௌலானா ஆசாத் நூலகம், துபாயில் ஜுமா அல்மாஜித் மையம், கத்தார் தேசிய நூலகம் என்று சுவடிகளைக் காத்து வரிசைப்படுத்தும் இடங்கள் பல. ஆனால் ஆலிம் ஸனது மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கதவைத் தட்ட முடியாது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசை வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு எழுதாமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கினால் தமிழக அரசுப் பணிக்கு அது ஏற்கப்படுவதில்லை. நான் ஓதிய காலத்தில் இதைச் சொல்லித்தர ஆளில்லை. என்னோடு ஓதிய இருவர் நாற்பது வயதில் பத்தாம் வகுப்பு எழுதினார்கள்.

பாட்னாவில் குதா பக்ஷ் என்று ஒரு வக்கீல் இருந்தார். அவருடைய வாப்பா மௌத்தாகும்போது 1,400 கையெழுத்துப் பிரதிகளைக் கொடுத்து, இதைப் பெருக்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். மகன் அதை நாலாயிரமாக்கி, கட்டடம் கட்டி, 1891இல் ஊர் மக்களுக்கென்றே எழுதிக் கொடுத்தார். அவருடைய கபுரும் அந்த வளாகத்திலேயே இருக்கிறது. 1969இல் பாராளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. நம்மூர்ப் பக்கம் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா அவர்கள் தனியொருவராகச் சேர்த்த ஒரு லட்சம் அளவிலான நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள்தான் இன்று சென்னையில் 1994 முதல் நடக்கும் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. நான் நம்மை இவர்களோடு ஒப்பிடவில்லை. நமக்கு இருப்பது 2,146. அதையாவது காப்பாற்ற வேண்டும்.

நிர்வாகக் குழு சென்ற மாதம் கூடி இரண்டு முடிவு எடுத்திருக்கிறது. சிரிப்பு வந்ததா என்று கேட்டால், இந்த முறை வரவில்லை.

ஒன்று, இந்த ஆண்டு முதல் நூலக அறிவியல் படிக்கும் மூவருக்கு முழுக் கட்டணம். ஆண், பெண் யாராக இருந்தாலும் சரி. மூன்றில் ஓரிடம் ஆலிம் ஸனதோடு முறையான பட்டமும் உள்ளவருக்கு. மருத்துவம், பொறியியல் படிக்கும் பிள்ளைகளின் தொகை இதனால் ஒரு ரூபாய் கூடக் குறையாது, யாரும் பயப்பட வேண்டாம்.

இரண்டு, நம் நூலகத்துக்குச் சம்பளத்தோடு ஒரு நூலகர். பகுதி நேரம்தான், பெரிய சம்பளமில்லை. இந்தப் பணம் எங்கிருந்து என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஜகாத் பணத்தைத் தகுதியுள்ள ஏழை மாணவர் கையில் உரிமையாகக் கொடுக்கலாம், அவர் அதைக் கட்டணமாகக் கட்டிக்கொள்ளலாம். நூலகர் சம்பளத்துக்கோ அலமாரிக்கோ ஜகாத்தைத் தொட முடியாது. நம் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெற்றுத்தான் சொல்கிறேன். ஆகவே சம்பளம் கீழே உள்ள இரண்டு கடை வாடகையிலிருந்து. அதில் ஒரு கடை ஐந்து மாத வாடகை பாக்கி. கடைக்காரர் இந்தச் சபையில்தான் இருக்கிறார், அவருக்குத் தெரியும்.

விண்ணப்பப் படிவம் அறக்கட்டளை அலுவலகத்தில் லுஹருக்கும் அஸருக்கும் இடையில் கிடைக்கும். பட்டச் சான்றிதழின் நகல், பெற்றோர் வருமான விவரம், ஜமாஅத்தின் கடிதம் வேண்டும். சேரப் போகும் பல்கலைக்கழகத்தின் பெயரை எழுதுங்கள். அனுமதி இருக்கிறதா என்று நாங்களே சரிபார்த்துச் சொல்கிறோம், அதற்கு முன்னால் எங்கும் பணம் கட்டிவிடாதீர்கள்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணில், உம்மம்மாவின் பெட்டியில், அரபு எழுத்தில் பழைய தாள்கள் இருந்தால் கடலுக்கும் கிணற்றுக்கும் அனுப்புவதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கொடுக்க வேண்டாம், உங்களிடமே இருக்கட்டும். நாங்கள் வந்து பார்த்து, பெயரை எழுதிக்கொண்டு, அனுமதித்தால் படம் எடுத்துக்கொண்டு போகிறோம். பிள்ளை பெற்றவளுக்கான காயமருந்துக் குறிப்பு யாரிடமாவது இருந்தால் என்னை நேரில் கூப்பிடுங்கள். சுக்கு எத்தனை, மிளகு எத்தனை என்று எனக்கு மறந்துவிட்டது.